கழித்த பருப்பு எங்கே போகிறது

ஏற்றுமதிக்குப் போகும் நிலக்கடலைச் சரக்கிலிருந்து ஆய்வுக்கு மாதிரி எடுப்பதுதான் ஆறு ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. வடசென்னைக் கிடங்குகளில் குத்தூசியும் பையுமாக அடுக்குக்கு அடுக்கு ஏறி இறங்கி, 19 டன் கொள்ளும் ஒரு கன்டெய்னர் சரக்கில் 100 இடங்களில் குத்தி, 20 கிலோ பருப்பைச் சேர்த்து, முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நான் பிறந்தது திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே, இந்தப் பயிரை நம்பியே பிழைக்கும் ஓர் ஊரில். அங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். களத்தில் காய்ந்துகொண்டிருந்த அதே மல்லாட்டை, ஒரு அவுன்ஸுக்கு 50 முதல் 60 பருப்பு என்ற தரவரிசையோடு வெள்ளைச் சாக்கில் தைக்கப்பட்டுக் கப்பலுக்குக் காத்திருப்பதைப் பார்ப்பதில் எனக்கு முதல் ஆண்டெல்லாம் ஒரு பெருமிதம் இருந்தது.

ஐரோப்பாவுக்குப் போன ஒரு சரக்கு திரும்பி வந்தபோது அந்தப் பெருமிதம் குறைந்தது. நாங்கள் எடுத்த மாதிரியில் நஞ்சு வரம்புக்குள் இருந்தது. அங்கே எடுத்த மாதிரியில் வரம்பைத் தாண்டியது. ஏற்றுமதியாளர் எங்களைக் குறை சொன்னார். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் இடைவழியில் ஏறிய ஈரத்தைக் குறை சொன்னார்கள். உண்மையில் யார் மீதும் தவறில்லாமலே இப்படி நடக்கக்கூடும் என்பதை அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

பிரச்சினை அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 1,00,000 வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் முடிந்தது தடயம். அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கித்தான் அந்த நஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள். அது தாக்குவது கல்லீரலை. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகுத்துள்ள முதல் தொகுதியில் அது இருக்கிறது. அளவு மிகுந்தால் புற்றுநோய் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை: 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பழங்குடி ஊர்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 106 பேரும், 2004இல் கிழக்குக் கென்யாவில் அதேபோன்ற மக்காச்சோளத்தால் 125 பேரும் ஈரல் கெட்டு மாண்டார்கள். ஆகவே வரம்பு என்று ஒன்று வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. தரக்கட்டுப்பாடு என்றாலே பணக்கார நாடுகளின் சூழ்ச்சி என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

ஆனால் இந்த நஞ்சு சரக்கு முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்பு சுத்தமாக இருக்கும். ஏதோ ஒன்று மட்டும் நூறு கோடிப் பங்கில் 10 லட்சம் பங்கு வரை நஞ்சைச் சுமந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட அரை கிராம் பருப்பு ஒன்றே ஒன்று என் 20 கிலோ பைக்குள் விழுந்தால், அரைத்துக் கலந்த பின் மாதிரி முழுவதும் நூறு கோடியில் 25 பங்கு என்று காட்டும். ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலைக்கு அனுமதிப்பதோ 4 பங்கு. குத்தூசி நான்கு விரல்கடை தள்ளி இறங்கியிருந்தால் தப்பித்திருக்கும் சரக்கும் உண்டு, மாட்டியிருக்கும் சரக்கும் உண்டு. ஒரு கன்டெய்னரின் தலையெழுத்தை ஓரளவுக்குச் சீட்டுக் குலுக்கல் மாதிரித்தான் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்த அந்தச் சரக்கு என்ன ஆயிற்று என்று சில மாதங்கள் கழித்துக் கிடங்கு மேஸ்திரியிடம் கேட்டேன். "ஆயிலுக்குப் போயிடுச்சு சார்" என்றார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்ற தொனியில். இந்தக் கட்டுரை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்குகிறது.

வளரும் நாடுகள் வேளாண் ஏற்றுமதியில் பன்னாட்டுத் தரத்தை எட்ட உதவவேண்டும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற நல்லெண்ணம். அதற்குச் சட்டப்பூர்வமான இடமும் உண்டு. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த, உணவுப் பாதுகாப்பும் தாவர, விலங்கு நலமும் பற்றிய ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவு அதைச் சொல்கிறது: இறக்குமதி செய்யும் நாட்டின் நிபந்தனையை நிறைவேற்ற வளரும் நாடு பெரும் முதலீடு செய்யவேண்டியிருந்தால், இறக்குமதி செய்யும் நாடு தொழில்நுட்ப உதவி வழங்குவதைப் பரிசீலிக்க வேண்டும். வழங்க வேண்டும் என்றில்லை, பரிசீலிக்க வேண்டும். வரம்பைத் தாண்டிய சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கு இப்படி எந்தப் பரிசீலனையும் கிடையாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் உலக வர்த்தக அமைப்பு, உலக வங்கி, உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, விலங்கு நல அமைப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்து 2000களின் தொடக்கத்தில் தர, வர்த்தக மேம்பாட்டு நிதியம் ஒன்றை உருவாக்கின. அது சிறியது, ஆனால் உருப்படியானது. எந்த நாட்டுக்கு எது தடையாக இருக்கிறது என்று முதலில் ஆராய்ந்து, பிறகு திட்டம் போடுகிற வழக்கம் அதற்கு உண்டு.

வரம்பு எண்களுக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 1963 முதல் நடத்திவரும் கோடெக்ஸ் உணவுத் தரக் குழு, மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு நூறு கோடியில் 15 பங்கு என்று வைத்தது. அமெரிக்கா உணவுப் பொருள்களுக்கு 20 என்று வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் தன் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் பொதுவாகக் கொண்டுவந்த விதியில் நேரடி உணவுக்கு 4 என்றது. ஐ.நா. அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு 1997இல் போட்ட கணக்கின்படி, மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி அரிதாக உள்ள மக்களிடையே வரம்பு 20 என்றிருந்தால் நூறு கோடிப் பேரில் ஆண்டுக்கு 41 பேருக்கும், 10 என்றிருந்தால் 39 பேருக்கும் புற்றுநோய் வரும். வித்தியாசம் இரண்டு பேர். அதே குழு, அந்தக் கிருமி உடலில் உள்ளவருக்கு இந்த நஞ்சு ஏறத்தாழ 30 மடங்கு கூடுதலாகத் தீங்கு செய்யும் என்றும் சொன்னது. பிறந்த குழந்தைக்குப் போடும் பி வகைத் தடுப்பூசி, சரக்குச் சோதனையைவிடப் பெரிய அஃப்ளாடாக்சின் தடுப்பு என்று அதற்குப் பொருள். இதை ஏற்றுமதிக் கருத்தரங்குகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2001இல் உலக வங்கியின் பொருளியலாளர்கள் மூவர் வெளியிட்ட கணக்கு ஒன்று மிகவும் பேசப்பட்டது: கோடெக்ஸ் வரம்புக்குப் பதிலாக ஐரோப்பிய வரம்பைக் கைக்கொள்வதால் ஆப்பிரிக்க நாடுகள் தானியம், உலர்பழம், கொட்டை வகைகளின் ஏற்றுமதியில் ஆண்டுக்கு 67 கோடி டாலர் இழக்கும், காப்பாற்றப்படும் உயிர் நூறு கோடியில் ஒன்று அல்லது இரண்டு. பல ஆண்டுகள் நானும் இந்தக் கணக்கை மேடை கிடைத்தபோதெல்லாம் ஒப்பித்திருக்கிறேன். இப்போது தயங்குகிறேன். பின்னால் வந்த ஆய்வுகள் அத்தகைய பெரிய இழப்பைக் காணவில்லை. உலக வங்கியிலேயே 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஆப்பிரிக்கக் கடலை ஐரோப்பியச் சந்தையை இழந்தது இந்த வரம்புக்கு வெகு முன்பே என்று காட்டியது. வடக்கு நைஜீரியாவின் கானோ நகரில் ஒரு காலத்தில் கடலை மூட்டைகளைக் கோபுரம் போல அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய புகைப்படங்களில் அவை எகிப்தின் பிரமிடுகளை நினைவூட்டும். 1970களின் தொடக்கத்தில் சஹாராவின் தெற்கு ஓரமான சாஹல் பகுதியின் வறட்சி, 1975இல் ரோசெட் நச்சுயிரி நோய், அதே காலத்தில் பெட்ரோலியப் பணம் வந்து வேளாண்மை கைவிடப்பட்டது ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தக் கோபுரங்களைத் தரைமட்டமாக்கின. ஐரோப்பிய வரம்பு வந்தபோது அங்கே தடுப்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அந்த இடத்தைப் பிடித்தது கோர்தோபா மாகாணத்தில் உலர்த்தும் இயந்திரமும் தோலுரிக்கும் ஆலையும் வைத்திருந்த அர்ஜென்டினா. ஆகவே வரம்பைத் தளர்த்தினால் ஏழை விவசாயி பிழைத்துவிடுவார் என்பதும் பாதி உண்மைதான்.

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவிக்கு வருகிறேன். நான் போனதில்லை, ஆனால் வேலையின் நிமித்தம் அந்த நாட்டுக் கடலையைப் பற்றி வாசித்த அளவுக்கு வேறெதைப் பற்றியும் வாசித்ததில்லை. வாசிக்க வாசிக்க, என் ஊரைப் பற்றித்தான் யாரோ வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. சாலிம்பானா என்ற பெரும்பருப்பு ரகத்தை ஒரு காலத்தில் பிரிட்டனுக்கு விரும்பி அனுப்பிய நாடு அது. அரசு கொள்முதல் நிறுவனம் கொடுத்த குறைந்த விலையும் அஃப்ளாடாக்சினும் சேர்ந்து 1980களின் பிற்பகுதிக்குள் அந்த வணிகம் ஏறக்குறையப் படுத்துவிட்டது. 1997இல் உருவான சிறு விவசாயிகளின் தேசியக் கூட்டமைப்பு அதை மீட்க முயன்றது. ஜாம்பிய எல்லையோரத்து ம்சின்ஜி மாவட்ட விவசாயிகள் 2000களின் நடுவில் நியாய வர்த்தகச் சான்று பெற்றுப் பிரிட்டன் கடைகளுக்கு மீண்டும் கடலை அனுப்பினார்கள். இதில் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்களின் பங்கும் உண்டு: ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, இந்த நஞ்சைக் கண்டறியும் எலைசா சோதனை முறை, ஒரு மாதிரிக்கான செலவை ஓரிரு டாலருக்குக் கொண்டுவந்தது. லிலாங்வேக்கு அருகிலுள்ள சிடெட்சேயில் அதற்கான ஆய்வுக்கூடமும் அமைந்தது. வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பிக் காத்துக்கிடக்காமல் உள்ளூரிலேயே தெரிந்துகொள்ள முடிந்தது. உதவி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

ஆனால் மலைக்க வைத்தது வேறொன்று. மலாவியில் கடலை உடைப்பது பெரும்பாலும் பெண்கள், அதுவும் கையால். காய்ந்த ஓட்டை நாள் முழுவதும் நசுக்கினால் விரல் புண்ணாகும் என்பதால், உடைப்பதற்கு முன் காயைத் தண்ணீரில் நனைத்து ஊறவைப்பது அங்கே நெடுநாள் பழக்கம். வியாபாரி எடைக்குத்தான் பணம் கொடுக்கிறார் என்பதால் அந்த ஈரத்துக்கும் காசு. வயலில் தப்பித்த பருப்பும் இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. வாசித்தவுடன் என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். அவர் உடைப்பு மில்லுக்குக் கொண்டுபோகும் முன் காயின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் தெளிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "தெளிக்காம உட்டா பருப்பு ரெண்டா பொளந்துடும் தம்பி. பொளந்த பருப்புக்கு எவன் வெல குடுப்பான்?" என்றார். இருவருக்கும் தெரியாமை என்று சொல்லிப் பயிற்சி முகாம் நடத்துவதில் பயனில்லை. இருவரும் தங்கள் சந்தை எதற்குப் பணம் கொடுக்கிறதோ அதற்கேற்றபடி நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் தண்ணீர் தெளிக்கிறார்கள். மலாவிப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது பாடம் அல்ல, கையால் சுற்றும் ஓர் உடைப்பு இயந்திரம். அது வந்த இடங்களில் நனைப்பதற்கான காரணமே இல்லாமல் போகிறது.

நாங்கள் ஆடிப்பட்டத்தில் விதைத்ததை ஐப்பசி அடைமழையில் பிடுங்குகிறோம். அந்த நாள்களில் களம் என்பது சேறு, தார்ச்சாலைதான் களம். வானம் மூட்டமாக இருக்கும் நான்கு நாள்களில் கொடியோடு குவித்துப் போட்ட காய் உள்ளுக்குள் சூடேறிப் புழுங்கும். கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு அது சின்ன வயதில் பிடித்தமான விளையாட்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கொடியைத் தலைகீழாக, காய் உள்பக்கம் பார்க்க, நடுவில் காற்று போகும் புகைக்கூண்டு போல வட்டமாக அடுக்கும் ஒரு முறையைப் பரப்பினார்கள். செலவில்லாதது, ஆனால் ஆள் வேலை கூடுதல். வயலிலேயே தடுக்கும் வழியும் வந்திருக்கிறது: அதே பூஞ்சணத்தின் நஞ்சு உண்டாக்காத இனத்தைச் சோள மணிகளின் மேல் பூசி, பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு எக்டேருக்கு 10 கிலோ தூவினால், அது நஞ்சு உண்டாக்கும் இனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையோடு சேர்ந்து உருவாக்கிய இந்த அஃப்ளாசேஃப், செனகல், காம்பியா கடலைக்கும் வந்துவிட்டது. பெரும்பாலான சோதனைகளில் நஞ்சு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைகிறது. உதவிப்பணம் இப்படிப் போவதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் வயலில் தூவியது ஏற்றுமதிப் பருப்பு எது, வீட்டுப் பருப்பு எது என்று பார்ப்பதில்லை.

கிடங்கில் செய்யும் உதவி அப்படியல்ல. ஏற்றுமதித் தரத்தை எட்டும் விரைவான வழி, தரம் பிரிப்பதுதான். தோலுரித்து, கலர் சார்ட்டர் இயந்திரத்தில் ஓட்டி, நிறம் மாறியது, சுருங்கியது, சொத்தை என எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சும் பருப்பில் நஞ்சு வியக்கத்தக்க அளவு குறைந்துவிடும். நம் நாட்டில் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பான அபேடா, ஏற்றுமதிக்கான உடைப்பு ஆலைகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு சரக்கும் எங்கிருந்து வந்தது என்று கணினியில் தடம்பிடிக்கும் பீநட் நெட் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் நஞ்சு இதில் அழிவதில்லை, இடம் மாறுகிறது. கழித்த பருப்பில் அது முன்னைவிடச் செறிந்திருக்கிறது. மலாவியில் கழித்தது உள்ளூர்ச் சந்தைக்குப் போய், மாவாக இடிபட்டு, ன்சின்ஜிரோ என்ற பெயரில் கீரையிலும் குழந்தைக் கஞ்சியிலும் கலக்கிறது. நம்மிடம் அது ஆட்டுகிற இடத்துக்குப் போகிறது. சுத்திகரித்த எண்ணெயில் நஞ்சு ஏறக்குறைய நீங்கிவிடும். வடிகட்டி மட்டும் விற்கும் எண்ணெயில் ஒரு பகுதி தங்கிவிடும். 'மரச்செக்கு' என்று எழுதிய புட்டியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் எண்ணெயைப் பற்றி விசாரிப்பதைவிடப் பருப்பைப் பற்றி விசாரிப்பது நல்லது. பெரும்பங்கு பிண்ணாக்கில் நிற்கிறது. செனகல் ஒரு காலத்தில் ஐரோப்பியத் தீவனச் சந்தைக்காகத் தன் கடலைப் பிண்ணாக்கை அம்மோனியா செலுத்தி நஞ்சு நீக்கி அனுப்பியது. நம் ஊர் மாட்டுக்கு அப்படி யாரும் செய்து கொடுப்பதில்லை.

மாடு தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு எம்1 என்ற உருவில் பாலில் இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. மாநில வாரியான பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. அதற்குக் கடலைப் பிண்ணாக்கு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, வைக்கோல் என்று தீவனத்தில் வழிகள் பல. இத்தனைக்கும் பாலில் நாம் வைத்திருக்கும் வரம்பு ஐரோப்பாவினுடையதைவிடப் பத்து மடங்கு தளர்வானது. அந்த அறிக்கை வெளிவந்த நாளில் நான் மணலியில் ஒரு சரக்குக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நம்ம மாட்டுக்கு அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, கடயில நல்ல புண்ணாக்குதான் குடுக்கிறான்" என்றார்.

தர உதவி வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. உதவி வாசலில் நிற்கிறது என்பதுதான் என் மனக்குறை. துறைமுகத்தில் ஆய்வுக்கூடம், ஆலையில் இயந்திரம், கோப்பில் சான்றிதழ் ஆகியவை வெளியே போகிற பருப்பைக் காக்கின்றன. அதைத் தின்பவருக்கு ஏற்கெனவே நல்ல மருத்துவமனையும் பலவகை உணவும் இருக்கின்றன. தினமும் கடலையும் மக்காச்சோளமும் தின்று, கல்லீரல் கிருமியும் மிகுந்திருக்கிற ஊர்களில் இருக்கிறவருக்கு அந்த ஏற்பாட்டில் கிடைப்பது கழிவுதான். மலாவியின் கடலையில் ஐரோப்பாவுக்குப் போவது மிகச் சிறிது. பெரும்பகுதி உள்நாட்டிலும், சோதனை அவ்வளவாக இல்லாத அண்டை நாடுகளிலும் தின்னப்படுகிறது. ஐரோப்பிய வரம்பை எட்டியதா என்று மட்டும் பார்க்கிற திட்டம், வெற்றி பெற்றாலும், பெரும்பாலான தட்டுகளைத் தொடுவதில்லை.

என்னிடம் பணம் இருந்தால் எங்கே போடுவேன் என்று சில நேரம் யோசித்ததுண்டு. எங்கள் பகுதி விவசாயிகள் காயை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். எல்லோருக்கும் அது கமிட்டி. அங்கே வியாபாரி ஒரு பிடிக் காயை உடைத்து, பருப்பு எவ்வளவு தேறும், எவ்வளவு பொக்கு என்று பார்த்து விலை எழுதுகிறார். ஈரப்பதம் அளக்கும் கருவி அலமாரியில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த காய்க்கு மூட்டைக்கு நூறு ரூபாய் கூடுதல் என்று அந்தக் கருவி சொல்லி ஒரு பருவம் முழுவதும் யாராவது கொடுத்திருந்தால், என் பெரியப்பா தண்ணீர் வாளியைத் தானாகவே கீழே வைத்திருப்பார். பெரிய தார்ப்பாய்கள், மழை நாளில் காயைக் கொட்ட ஒரு கூரை போட்ட களம், பெரிய விசிறியோடு ஓர் உலர்த்தி ஆகியவை ஒரு கன்டெய்னர் திரும்பி வருகிற நட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகை அல்ல. ஆனால் அவற்றைத் திறந்து வைத்துப் படம் எடுப்பதற்கு ஆய்வுக்கூடம் அளவுக்குப் பொலிவு கிடையாது.

அந்த வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. போன ஐப்பசியில் ஊருக்குப் போனபோது மூன்றாவது நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய மகன், என் அண்ணன், காயைத் திண்ணையிலும் நடைக்கூடத்திலும் படுக்கையறையிலும் பரப்பி, வீட்டில் இருந்த இரண்டு மின்விசிறியையும் தரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். நான் ஒரு கை அள்ளி வாய்க்குள் போடாமல் முகர்ந்து பார்த்ததைக் கவனித்துவிட்டு, "பழக்கம் போவல பாரு" என்று சிரித்தார். ஓரமாக ஒரு முறத்தில் கறுத்த காய்களைத் தனியே பொறுக்கி வைத்திருந்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன். அண்ணி மாட்டுக்கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.